கண் வழியே வரும் பேச்சு

“சொன்னாக் கேக்கிறான் இல்ல டீச்சர், சரியான பிடிவாதம்.” மட்டக்களப்பில் டவுன் சின்ட்ரோம் (பிறவியிலேயே வரும், வளர்ச்சியையும் கற்றலையும் தாமதப்படுத்தும் நிலை) உள்ள பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் எனக்கு வீட்டாரிடமிருந்து அதிகம் வருவது இந்த முறைப்பாடுதான். இந்தப் பிடிவாதத்தில் பாதி, பிடிவாதமே இல்லை.

படுவான்கரையிலிருந்து பேரனைக் கூட்டிவரும் அம்மம்மா ஒருவர், “கையக் கழுவித்து வந்து, பேக்கில இருக்கிற போத்தல எடுத்து டீச்சரிட்டக் குடு மனே” என்றார். அவன் கையைக் கழுவினான், அங்கேயே நின்றான். காதால் கேட்டதைச் சில செக்கன்கள் மனதில் பிடித்து வைத்திருக்கும் ஆற்றல் இந்தப் பிள்ளைகளுக்குக் குறைவு. முதல் வேலை முடிவதற்குள் மற்றதெல்லாம் கரைந்துவிடுகிறது. கண்ணால் கண்டது அப்படி இலகுவில் போவதில்லை. போத்தல் படத்தைக் காட்டினேன், நேரே பேக்கிடம் போனான்.

பிறர் சொல்வதை விளங்கிக்கொள்ளும் அளவுக்கு இந்தப் பிள்ளைகளால் திரும்பப் பேச முடிவதில்லை என்பதையும் பலர் கவனிப்பதில்லை. வாயைச் சுற்றியுள்ள தசைகள் தளர்வானவை, அதனால் உச்சரிப்பு தெளிவதில்லை. சொற்கள் மெல்ல மெல்லச் சேரும். இலக்கணம்தான் மிகவும் பின்தங்கும். “அம்மா கடை” என்பான் பிள்ளை. ‘கடைக்கு’ என்பதிலுள்ள அந்தச் சிறு ‘க்கு’ காதில் விழுந்ததும் மறைந்துவிடுகிறது. அதனால் ‘அம்மா கடைக்குப் போறா’ என்று மட்டையில் எழுதி, ‘க்கு’வை மட்டும் சிவப்பில் எழுதுவேன். விரல் வைத்துப் படிக்கிற பிள்ளை அந்த இடத்தில் நின்று சொல்லும். எல்லாப் பிள்ளைகளும் ஒரே வேகத்தில் வருவதில்லை, ஆனால் எழுத்தைக் கண்ட பிறகு வாக்கியம் நீள்வதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

247 எழுத்தும் முடிந்த பிறகுதான் சொல் என்ற பிடியை இவர்களிடம் தளர்த்தத்தான் வேண்டும். தன் பெயரையும் ‘அம்மா’வையும் ‘பிட்டு’வையும் முழுச் சொல்லாகவே அடையாளம் காணக்கூடிய பிள்ளையை ‘அ’னாவில் வருடக்கணக்காக நிறுத்திவைப்பது அநியாயம். சைகை பழக்கினால் பேச்சு வராமல் போய்விடும் என்ற பயமும் வேண்டாம். சைகை பேச்சுக்குத் துணையாகத்தான் நிற்கும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் காதைப் பரிசோதிக்க வேண்டும். இந்தப் பிள்ளைகளுக்கு நடுக்காதில் நீர் தேங்குவது சாதாரணம்; வலி இல்லாததால் வீட்டில் தெரியவே வராது. கேள்திறன் நன்றாக இருந்தாலும் நினைவுச் சிக்கல் இருக்கத்தான் செய்யும். கேள்திறனும் குறைந்தால் இரட்டைச் சுமை. ஒருமுறை பார்த்தோம், நன்றாயிருந்தது என்று விட்டுவிடாதீர்கள். நீர் மறுகாவும் தேங்கும்.