மூணாவது சர்வர்: நாகர்கோவில் நாட்குறிப்பு

2023 அக்டோபர் 14, சனி

மூன்றாவது சர்வர் வந்து ராக்கில் ஏறிவிட்டது. இதுவரை இரண்டே ஹோஸ்ட், அதாவது விர்ச்சுவல் மெஷின்களைச் சுமக்கிற சர்வர். எங்கள் ஆஸ்பத்திரியின் பில்லிங், லேப், மருந்தகம், எக்ஸ்ரே படங்கள் என்று 26 விர்ச்சுவல் மெஷின்கள் (ஒரு சர்வருக்குள் மென்பொருளால் உண்டாக்கிய தனித்தனிக் கம்ப்யூட்டர்கள்) அந்த இரண்டில்தான் நெருக்கியடித்துக்கொண்டு ஓடின. டிஸ்க் எல்லாம் தனியாக ஒரு ஸ்டோரேஜ் பெட்டியில். மேலே விசென்டர்: ஒரே திரையில் எல்லா ஹோஸ்டையும் பார்க்கலாம், மேய்க்கலாம்.

புதியதின் பிராசசர் பழையவற்றைவிட இரண்டு தலைமுறை பிந்தையது. அப்படியே சேர்த்தால், புது ஹோஸ்டில் ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்த மெஷின் ஓடிக்கொண்டே பழையதற்குத் திரும்ப மறுக்கும். அதனால் முதலில் ஈவிசியைப் போட்டேன். புது பிராசசர் தன் கூடுதல் வித்தைகளை மறைத்துக்கொண்டு பழையவன்போல நடிக்கும். காசு கொடுத்து வாங்கியதை மறைத்து வைப்பது கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான். நல்லவேளை, மூன்றும் இன்டெல். ஒன்று ஏஎம்டியாக இருந்திருந்தால் இதுகூட நடந்திருக்காது.

அக்டோபர் 16, திங்கள்

பில்லிங் மெஷினை ஓட ஓடவே பழைய ஹோஸ்டிலிருந்து புதியதற்கு மாற்றினேன். கவுன்டரில் பில் போட்டுக்கொண்டிருந்தவருக்கு ஒன்றும் தெரியவில்லை. "இருக்கிறாயா" என்று விடாமல் கேட்டுக்கொண்டிருக்கும் பிங்கில் ஒரே ஒரு வரி விட்டுப்போனது, அவ்வளவுதான்.

கூட வேலை பார்க்கும் தம்பி, "எப்படிக்கா?" என்றான். இப்போது நவராத்திரி. பத்மநாபபுரம் சரஸ்வதியும் குமாரகோயில் முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் போயிருக்கிறார்கள். "சாமி மட்டும்தான் போகும், கோயில் இருந்த இடத்திலேயே இருக்கும்லா? அதுபோல மெமரி மட்டும் போகுது, டிஸ்க் ஸ்டோரேஜிலேயே இருக்கு" என்றேன். மெமரியைப் பக்கம் பக்கமாக நகலெடுக்கும். அதற்குள் மாறிப்போன பக்கங்களைத் திரும்ப எடுக்கும். மிச்சம் கொஞ்சமானதும் ஒரு நொடி மூச்சைப் பிடித்து அந்தப் பக்கம் தாவிவிடும். "சாமியைச் சுமக்கிற யானை எங்கே?" என்றான். பத்து ஜிகாபிட் கேபிளைக் காட்டினேன்.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. செக்யூரிட்டி அண்ணன் ராக்குக்குச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஃபேன் வாயில் மட்டும் வைக்காமல் விட்டாரே.

எந்த மெஷினை எந்த ஹோஸ்டில் வைப்பது என்று பார்க்கும் டிஆர்எஸ் ஒரு வாரம் யோசனை மட்டும் சொல்லட்டும் என்று வைத்திருந்தேன். இன்று முழுத் தானியங்கியாக்கினேன். எங்களிடம் இருக்கிற மென்பொருளின் ஏழாம் பதிப்பில் நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கிறது. முன்பெல்லாம் ஐந்து நிமிடம். பழைய பதிப்பு ஹோஸ்ட்களின் சுமையைச் சமன் செய்யப் பார்த்தது. இது ஒவ்வொரு மெஷினும் கேட்டது கிடைத்து ஓடுகிறதா என்று பார்க்கிறது. இது சரியான புத்தி.

ஆனாலும் எது முக்கியம் என்று அதற்குத் தெரியாது. சாயங்காலம் பார்த்தால் லாகின் சரிபார்க்கிற இரண்டு டொமைன் கன்ட்ரோலர்களும் ஒரே ஹோஸ்டில் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டும் என்றுதானே இரண்டு வைத்தோம்? இரண்டும் ஒன்றாக இருக்கக் கூடாது என்று விதி எழுதியதும் ஒன்று தானே விலகிப் போனது.

நவம்பர் 1, புதன்

1956-ல் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாள். உள்ளூர் விடுமுறை, ஓ.பி.யில் கூட்டமில்லை. டாக்டர்களிடம் சொல்லிவிட்டு, அவசரப் பிரிவுக்குப் பேப்பர் சீட்டு கொடுத்துவிட்டு, ஒரு ஹோஸ்ட் விழுந்தால் அதன் மெஷின்களை மற்றவற்றில் எழுப்பும் ஹெச்ஏ வேலை செய்கிறதா என்று பார்க்க, ஓடிக்கொண்டிருந்த ஒரு ஹோஸ்டின் இரண்டு பவர் வயரையும் உருவினேன்.

விசென்டர் திரை வெள்ளையாகிவிட்டது. விசென்டரும் அந்த ஹோஸ்டில்தான் ஓடியிருக்கிறது. எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. அப்புறம்தான் படித்தது ஞாபகம் வந்தது: ஹெச்ஏவை அமைத்துக்கொடுக்கத்தான் விசென்டர் வேண்டும். அமைத்த பிறகு ஹோஸ்ட்கள் தங்களுக்குள் ஒரு தலைவனைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு நாடி பார்த்துக்கொள்ளும். துடிப்பு நின்றால் பிங் போட்டுப் பார்க்கும், ஸ்டோரேஜிலும் அடையாளம் இருக்கிறதா என்று பார்க்கும், அதற்குப் பிறகே செத்துவிட்டது என்று முடிவு கட்டும். டிஆர்எஸ்தான் விசென்டர் இல்லாமல் வேலை செய்யாது.

இன்னொரு ஹோஸ்டில் நேரடியாக நுழைந்து பார்த்தேன். விழுந்த மெஷின்கள் வரிசையாக எழுந்துகொண்டிருந்தன, விசென்டர் உட்பட. அது முழுதாகத் திறக்கப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆனது.

இரண்டு பாடம். ஒன்று, ஹெச்ஏ என்றால் நிற்காமல் ஓடுவது இல்லை, விழுந்து எழுவது. லேபில் ஒருவர் அடித்து சேவ் செய்யாத ரிசல்ட் போய்விட்டது. இரண்டு, டேட்டாபேஸ் எழும் முன்னே புரோகிராம் எழுந்து, தொடர்பு இல்லை என்று படுத்துக்கொண்டது. டேட்டாபேஸுக்கு முதல் முன்னுரிமை கொடுத்தேன்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. ஒன்றும் நடக்கவில்லை. எழுத ஒன்றும் இல்லாதது எவ்வளவு நல்ல விஷயம்.

நவம்பர் 17, வெள்ளி

எழுதியிருக்கக் கூடாது. ராத்திரி மழையில் கரண்டு போனது, ஜெனரேட்டர் பிடிக்கும் முன் பழைய யூபிஎஸ் பேட்டரி கைவிட்டது. இரண்டு ஹோஸ்ட் ஒன்றாக அணைந்தன. புதியது மட்டும் புது யூபிஎஸ்ஸில் இருந்ததால் தப்பியது. ஸ்டோரேஜின் இரண்டு வயரும் வேறு வேறு யூபிஎஸ்ஸில் இருந்ததால் அதுவும் தப்பியது.

ஹெச்ஏ தன் வேலையைச் செய்தது. 26 மெஷினும் மிச்சமிருந்த ஒன்றின் மேல் ஏறின. 256 ஜிபி மெமரியில் 396 ஜிபி கேட்பவர்கள். பற்றாததை டிஸ்க்குக்குத் தள்ளித் தள்ளி, எல்லாம் உயிரோடு இருக்கின்றன, ஒன்றும் நகரவில்லை. அவசரமில்லாத பதினொன்றைக் கையால் அணைத்த பிறகுதான் பில்லிங் மூச்சு விட்டது.

காலையில் எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி ராக்குக்குப் பின்னால் குனிந்து பார்த்துவிட்டு, "மக்களே, நாலு வயரும் ஒரே யூபிஎஸ்லதான் கெடக்கு" என்றார். ஒவ்வொரு சர்வருக்கும் இரண்டு பவர் சப்ளை. நான்தான் செருகினேன், இரண்டு வருஷம் முன்னால். மேனேஜர் சார், "மூணு வாங்கியாச்சே, பொறவு ஏன் நின்னுது?" என்றபோது வயர்களைக் காட்டினேன். மத்தியானத்துக்குள் மாற்றியாயிற்று.

நவம்பர் 30, வியாழன்

2017-ல் இதே நாள்தான் ஓகி புயல். மின்கம்பங்கள் சாய்ந்து மாவட்டமே இருட்டில் கிடந்தது. இன்று தூறல் மட்டும்.

சார் வந்தார். மூன்று சர்வரும் பாதி காலியாகத்தானே இருக்கிறது, சிசிடிவி பதிவை அதில் போடலாமே என்றார். அதற்கு 128 ஜிபி வேண்டுமாம். விசென்டரைக் கேட்டால் தாராளமாகப் போடு என்கிறது. ஒரு ஹோஸ்ட் போனாலும் இடம் இருக்குமா என்று பார்த்து அனுமதிக்கும் அதன் அட்மிஷன் கன்ட்ரோல், முன்பதிவு செய்த மெமரியைத்தான் எண்ணும், நாங்கள் எதையும் முன்பதிவு செய்யவில்லை. அதனால் 17-ஆம் தேதிக்குப் பிறகு ஒரு பேப்பரில் கணக்கு எழுதி ராக் கதவில் ஒட்டியிருக்கிறேன்: ஒரு சர்வர் போனால் மிச்சம் 512 ஜிபி. ஓடுவது 396. கீழே 128-ஐச் சேர்த்து எழுதினேன், 524.

"பன்னிரண்டுதானே கூடுது?" என்றார் சார்.

"மெமரி வாங்கிக் கொடுங்க சார், போட்டுத் தரேன்" என்றேன். பேப்பரைப் போட்டோ எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.