அப்பாவின் மூக்குக் குழாய் அடைத்துக்கொண்ட நாள்

பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவால் விழுங்க முடியவில்லை. மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் டியூப் போட்டு, பதினெட்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கிளம்பும் அவசரத்தில் சிஸ்டர் ஒரே ஒரு தடவை ஊட்டிக் காட்டினார். டிஸ்சார்ஜ் சம்மரியில் உணவைப் பற்றி இருந்தது ஒரே வரி: ஆர்.டி. ஃபீட் (ரைல்ஸ் டியூப் வழி உணவு), 200 மி.லி., இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. டியூப் என்ன சைஸ், என்றைக்குப் போட்டது என்று எதுவும் இல்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

முதல் வாரம் நன்றாகவே போனது. தலைமாட்டை உயர்த்தி, 50 மி.லி. சிரிஞ்சின் பிஸ்டனைக் கழற்றிவிட்டுக் கஞ்சியை ஊற்றினால் தானாக இறங்கும்.

எட்டாம் நாள் காலை இன்சுலின் போட்டாயிற்று. அம்மா பி.பி. மாத்திரையை நுணுக்கி, கேழ்வரகுக் கஞ்சியிலேயே கலந்து ஊற்றினார். பாதியில் நின்றுவிட்டது. வெதுவெதுப்பான தண்ணீரை விட்டு மெதுவாக இழுத்துத் தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. ஆட்டோ பிடித்துப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். "நாங்க போட்ட டியூப் இல்லையே, சம்மரியில சைஸும் இல்ல. போட்ட இடத்துக்கே போங்க" என்று வாசலிலேயே திருப்பிவிட்டார்கள். போட்ட இடம் இருபது கிலோமீட்டர் தள்ளி. போகிற வழியிலேயே அப்பாவுக்கு நெற்றியெல்லாம் வியர்த்து, கை சில்லிட்டுப் போனது. இன்சுலின் போட்டும் கஞ்சி இறங்காததால், அங்கே விரலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை 58-க்கு இறங்கியிருந்தது. உடனே குளுக்கோஸ் ஏற்றினார்கள். அந்தக் கையை இப்போது நினைத்தாலும் எனக்கு நடுங்குகிறது.

புது டியூப் போட்டவர் குழாயில் காற்றைச் செலுத்தி, வயிற்றில் ஸ்டெத் வைத்துக் கேட்டுவிட்டு, "சரியா இருக்கு, குடுக்கலாம்" என்றார். நல்லவேளை, டியூட்டி டாக்டர் வந்து நிறுத்தினார். குழாய் நுரையீரலுக்குள் போயிருந்தாலும் அந்தச் சத்தம் கேட்குமாம். எக்ஸ்ரே பார்த்த பிறகுதான் கஞ்சி. நீங்களும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், தயங்க வேண்டாம்.

மாத்திரைகளையும் அந்த டாக்டரம்மாவே ஒவ்வொன்றாகப் பார்த்தார். அட்டையில் எஸ்.ஆர்., ஈ.ஆர். என்று இருந்தால், அது மருந்தை மெதுவாக விடும் மாத்திரை; நுணுக்கவே கூடாதாம், மருந்து மொத்தமும் ஒரேயடியாக இறங்கிவிடும். ஒரு வாரமாக நாங்கள் அப்படி ஒன்றை நுணுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தோம்! அதை மாற்றி எழுதிக் கொடுத்தார். மற்றவற்றைத் தனித்தனியாகத் தண்ணீரில் கரைத்து, முன்னும் பின்னும் 30 மி.லி. தண்ணீர் விடுகிறோம். கஞ்சியில் கலப்பதே இல்லை. கஞ்சியையும் மெல்லிய துணியில் வடிகட்டுகிறோம். அடைத்தால் கம்பி விட்டுக் குத்தாதீர்கள். இன்னொன்று, தண்ணீர் தடையில்லாமல் இறங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் இன்சுலின் ஊசியையே கையில் எடுக்கிறேன். நாலு முதல் ஆறு வாரத்துக்கு மேல் குழாய் தேவைப்பட்டால், வயிற்றில் நேராகப் போடும் பெக் டியூபைப் பற்றிப் பேசலாம் என்றும் டாக்டர் சொன்னார்.

கிளம்புவதற்கு முன் சைஸ் 16, போட்ட தேதி இரண்டையும் சம்மரியில் எழுதி வாங்கினேன். மூக்கோரத்தில் டியூப் மேல் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டார்கள். பத்து நாள் கழித்து விடியற்காலையில் பார்த்தால், அந்தக் கோடு மூக்கிலிருந்து நான்கு விரற்கடை வெளியே. தூக்கத்தில் அப்பா இழுத்திருக்கிறார். சொட்டுத் தண்ணீர்கூட விடவில்லை, இன்சுலினும் போடவில்லை. முதலில் திருப்பி அனுப்பிய அதே பக்கத்து ஆஸ்பத்திரியில் காகிதத்தை நீட்டினேன். வேறு டியூப் போட்டு, எக்ஸ்ரே எடுத்து, எட்டரை மணிக்கெல்லாம் வீட்டில் அப்பாவுக்குக் கஞ்சி இறங்கிக்கொண்டிருந்தது.