உறைந்த ஆற்றில் ஓர் ஊற்று

"ஆற்றின் நடுவில் நின்றுதான் பேசுகிறேன்" என்றேன். மறுமுனையில் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தண்ணீர் வற்றிவிட்டதா சாமி?" என்று கேட்டாள்.

முசிறிக்காரர்களுக்கு ஆற்றின் நடுவில் நிற்பதென்றால் அதுதான் பொருள். சித்திரை, வைகாசியில் காவிரி வெறும் மணலாகக் கிடக்கும். குளித்தலைக் கரை வரை நடந்தே போய்விடலாம். வழியில் தாகமெடுத்தால் மணலைத் தோண்டி ஊற்றுப் பறிப்போம். முதலில் கலங்கலாக ஊறும். இரண்டு மூன்று முறை இறைத்துக் கொட்டிவிட்டுக் காத்திருந்தால் தெளிந்து வரும்.

"வற்றவில்லை அம்மா, உறைந்துவிட்டது. கீழே ஆறு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது" என்று சொல்லிப் பார்த்தேன். அவளுக்குப் பிடிபடவில்லை. கைபேசியைத் திருப்பி, பனிக்கட்டியில் போட்டிருந்த துளையைக் காட்டினேன். எட்டு அங்குல அகலம், உள்ளே கறுத்த தண்ணீர். "ஊற்றுப் பறித்திருக்கிறாயா?" என்றாள். ஆமாம் என்றேன். அதற்குள் குளிர் தாங்காமல் கைபேசி அணைந்துவிட்டது. அந்தத் துளைக்கு அதைவிடப் பொருத்தமான சொல் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

அது கனடாவின் மானிடோபா மாகாணத்தில் ஓடும் ரெட் ரிவர். அமெரிக்காவில் புறப்பட்டு, வடக்கு நோக்கியே ஓடி, வின்னிபெக் நகரத்தின் நடுவே புகுந்து, வின்னிபெக் ஏரியில் கலக்கிறது. வின்னிபெக் என்பதே கிரீ மொழிச் சொல்; கலங்கல் நீர் என்று பொருள். களிமண் நிலத்தைக் கரைத்துக்கொண்டு வருவதால் கோடையில் ஆறு உண்மையிலேயே அந்த நிறத்தில்தான் ஓடும். ஆடியில் காவிரிக்கு வரும் புதுவெள்ளத்தின் நிறம். வந்த புதிதில் பாலத்தின் மேலிருந்து அதைப் பார்த்ததும் நெஞ்சு அடைத்தது.

ஆனால் நாங்கள் வந்து இறங்கியது நவம்பரில். இரண்டே வாரத்தில் ஆறு வெள்ளையாகிவிட்டது. டிசம்பரில் மாலை நாலரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். வேலை, பஸ் நிறுத்தம், வீடு என்று முதல் குளிர்காலம் போனது. மகள் ஜன்னல் கண்ணாடியில் படிந்த உறைபனியில் விரலால் படம் வரைவாள். மனைவி, "என்னங்க, இன்னும் எத்தனை மாதம் இப்படி இருக்கும்?" என்று கேட்பாள். ஏப்ரல் என்று சொல்ல எனக்கு வாய் வராது. குளிர்காலத்தைக் கதவைச் சாத்திக்கொண்டு கழிக்க வேண்டிய காலம் என்றே நினைத்திருந்தேன்.

அந்தக் கதவைத் திறந்துவிட்டவர், நான் வெல்டிங் வேலை செய்யும் பட்டறையில் உடன் வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ்காரர். வயதில் மூத்தவர். பட்டறையில் எல்லோரும் அவரைக் கூயா என்றுதான் கூப்பிடுவார்கள். தகாலோகு மொழியில் அண்ணன் என்று அர்த்தம். எனக்கும் கூயாதான். இரண்டாவது குளிர்காலத்தில் ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில், "ஞாயிற்றுக்கிழமை மீன் பிடிக்கப் போகலாம், வா" என்றார். எங்கே என்றேன். "ஆற்றில்" என்றார், வெளியே மைனஸ் 24 இருக்கும்போது.

செல்கிர்க் என்னும் சிற்றூர் வின்னிபெக்கிலிருந்து ஆற்றோடு வடக்கே முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். வழியில் லாக்போர்ட்டில் 1910இல் திறந்த அணையும், படகுகளை ஏற்றி இறக்கும் மடையும் இருக்கின்றன. அணைக்குக் கீழே தண்ணீர் விழுந்து சுழலும் இடத்தில், அந்தக் குளிரிலும் உறையாமல் கறுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. கூயா காரை ஓரமாக நிறுத்திவிட்டு, "இதை நன்றாகப் பார்த்துக்கொள். நாம் நிற்கப்போகும் இடத்துக்கு அடியிலும் இதே தண்ணீர்தான் போகிறது" என்றார். மீன் எப்படிப் பிடிப்பது என்று தொடங்காமல், ஆறு எப்படி ஆளை இழுக்கும் என்று தொடங்கினார். அதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது.

கரையில் இறங்கியதும் அவர் கையில் எடுத்தது கடப்பாரை. நம் ஊர்க் கடப்பாரையேதான். நுனி மட்டும் உளிபோலத் தட்டையாக இருந்தது. ஓரடி வைப்பதற்கு முன் எதிரில் ஓங்கிக் குத்துவார். நங்கென்று கெட்டியாகக் கேட்டால் அடுத்த அடி. நொறநொறவென்று இறங்கினாலோ தண்ணீர் கசிந்தாலோ வந்த தடத்திலேயே பின்வாங்க வேண்டும். தெளிந்த பனிக்கட்டி 10 சென்டிமீட்டராவது இருந்தால்தான் ஆள் நடக்கலாம் என்றார். பிக்கப் போன்ற சிறு வண்டி ஏற 30 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டும். வெள்ளையாக, பால்போலத் தெரிவது பனி நனைந்து இறுகியது. தெளிந்ததில் பாதி பலம்தான் அதற்கு.

ஏரிக்கும் ஆற்றுக்கும் உள்ள வேறுபாட்டை அன்றுதான் புரிந்துகொண்டேன். தண்ணீர் 4 டிகிரியில்தான் மிகக் கனமானது. அதனால் ஏரியில் அந்தத் தண்ணீர் அடியில் போய்த் தங்கிவிட, மேலே உறைபனி ஒரு மூடிபோல நிம்மதியாகத் தடிக்கும். ஆறு அப்படித் தங்கவிடாது. ஓட்டம் எல்லாவற்றையும் கலக்கிக்கொண்டே, பனிக்கட்டியின் அடிவயிற்றையும் அரித்துக்கொண்டு போகும். இங்கே ஒன்றரை அடி கனமிருக்கும்; பத்தடி தள்ளி அதில் பாதிகூட இருக்காது. பாலத் தூண்களைச் சுற்றி, ஓடை வந்து சேரும் வாயில், வளைவின் வெளிப்புறத்தில் எல்லாம் எச்சரிக்கை வேண்டும். காவிரியில் எந்த இடத்தில் புதைமணல், எந்த இடத்தில் மடு என்று என் தாத்தா கரையில் நின்றே சொல்லிவிடுவார். கூயாவும் அப்படித்தான் நின்று பார்த்தார், கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

பாதி தூரத்தில் காலுக்கடியில் இடி இடித்ததுபோல் ஒரு முழக்கம் எழுந்து, ஆற்றோடு தெற்கே ஓடி மறைந்தது. நான் அப்படியே உறைந்து நின்றேன். வெப்பநிலை இறங்கும்போது பனிக்கட்டி விறைத்து வெடிக்கும் சத்தம் அது. உடைகிற சத்தம் இல்லை என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது. அடுத்த முழக்கம் கேட்க நானே காத்திருந்தேன்.

பேட்டரியில் ஓடும் துளைக்கருவியை ஊன்றியதும், தேங்காய்த் துருவல்போலப் பனித்தூள் குவிந்தது. கைப்பிடி சட்டென்று தளர்ந்தது; அடித்தளம் திறந்துவிட்டது. கருவியை உருவியபோது தண்ணீர் குமிழியிட்டு மேலேறி, துளையின் வாய் வரை வந்து நின்றது. மேலே மிதந்த கூழ்ப்பனியை, வடை அரித்தெடுக்கும் ஜல்லிக்கரண்டி போன்ற ஒன்றால் அள்ளி அள்ளிக் கொட்டினோம். மூன்றாவது, நான்காவது அள்ளலில் தண்ணீர் தெளிந்து கறுத்தது. மணலில் முழங்காலிட்டு ஊற்று தெளியப் பார்த்திருந்த அதே நிலையில் நான் குனிந்திருந்தேன். அந்தக் கணத்துக்குப் பிறகு இந்த ஊர் எனக்கு முற்றிலும் அந்நியமாக இருந்ததில்லை.

மீனுக்கு வருகிறேன். மற்ற இடங்களில் வால்ஐ என்று சொல்லும் மீனை மானிடோபாவில் பிக்கரல் என்பார்கள். இந்த மாகாணத்தின் மீனும் அதுதான். ஏரியிலிருந்து ஆற்றுக்குள் ஏறிவரும் பிக்கரலுக்கு முதுகு பச்சை பூத்திருக்கும். கிரீன்பேக் என்று அதற்குத் தனிப் பெயர். உரிமம் இல்லாமல் தூண்டில் போடக்கூடாது. முள்ளின் நுனிக்குக் கீழே எதிர்ப்பக்கம் திரும்பிய சிறுமுள் இருக்கக்கூடாது. பனிக்கட்டி மேல் ஒருவருக்கு இரண்டு தூண்டில்கள் அனுமதி. ஒன்றைக் கையில் பிடித்து ஆட்டுவோம், மற்றொன்றை அசையாமல் விட்டுவைப்போம். இரை, உப்பிட்டு உறையவைத்த வெள்ளிநிறப் பொடிமீன். உப்புக் கருவாட்டு வாசம், துளைமேல் போட்டிருந்த கூடாரத்துக்குள் பரவியபோது, மனது முசிறிச் சந்தை வரை போய் வந்தது.

பத்துப் பன்னிரண்டு அடி ஆழம்தான். ஈயம் தரையைத் தொட்டதும் இரண்டு முறை தட்டிச் சேற்றைக் கிளப்பிவிட்டு, ஓரடி உயர்த்தி அப்படியே நிறுத்த வேண்டும். நான் ஆட்டிக்கொண்டே இருந்தேன். "கேள்வி கேட்டுவிட்டாய், இனி பதிலுக்குக் காத்திரு" என்றார் கூயா. கூடாரத்துக்குள் சின்ன கேஸ் அடுப்பு எரிந்தது. நச்சுப் புகை தேங்காமலிருக்க மேல் திறப்பை அவர் ஒருபோதும் மூடவிடவில்லை, எனக்குப் பல் கிட்டியபோதும்.

வெளிச்சம் மங்கும் வேளையில்தான் பிக்கரல் மேய வரும். நாலு மணிக்கு மேல் நூல் லேசாகக் கனத்தது. வெட்டி இழுப்பதெல்லாம் இல்லை. ஈரத்துணி மாட்டியதுபோல ஒரு பாரம். சுண்டினேன். உடனே கீழேயிருந்து தலையை ஆட்டும் அதிர்வு கம்பு வழியே மணிக்கட்டுக்கு ஏறியது. துளைக்குள் முதலில் தெரிந்தது கண். டார்ச் வெளிச்சத்தில் அது கண்ணாடிக் கோலிபோல வெண்பச்சையாக எரிந்தது. கண்ணுக்குள் பின்புறத்தில் ஒளியைத் திருப்பியடிக்கும் ஒரு படலம் இருப்பதால்தான், கலங்கல் தண்ணீரிலும் இருட்டிலும் அது தன் இரையைப் பார்க்கிறது. முதுகில் ஓலைப்பச்சை, பக்கவாட்டில் பித்தளை, வயிறு வெள்ளை. வாலின் கீழ்நுனியில் சுண்ணாம்பில் தொட்டதுபோல ஒரு வெள்ளைப் புள்ளி.

ஆர்வத்தில் கையுறையைக் கழற்றிவிட்டுப் பிடித்தேன். முதுகுச் செட்டையின் முன்பகுதி முழுவதும் முள். கெளுத்தியிடம் குத்து வாங்கிய கை என்பதால் அது பெரிதாகத் தெரியவில்லை. கூடாரத்துக்கு வெளியே சறுக்குவண்டியில் மீனை வைக்கப் போனதுதான் தவறு. ஈரக்கையோடு, எதிர்காற்றில் ஓரிரு நிமிடம். ஆள்காட்டி விரல் நுனி மெழுகுபோல வெளுத்து உணர்ச்சியற்றுப் போனது. கூயா தேய்க்க விடவில்லை. என் கையைத் தன் சட்டைக்குள் வைத்து அக்குளில் அழுத்திப் பிடித்துக்கொண்டார். உயிர் திரும்பிய வலியில் கண்ணில் நீர் வந்தது. சொந்த அண்ணன் செய்வதைத்தான் அவர் செய்தார்.

ஆளுக்கு இரண்டு மீன். வீட்டுக்கு வருவதற்குள் அவை கட்டையாக விறைத்திருந்தன. மனைவி தலையையும் நடு எலும்பையும் புளிக்குழம்புக்கு வைத்துக்கொண்டாள். சதை வெள்ளை வெளேரென்று இதழ் இதழாகப் பிரியும் என்பதால், குழம்பு கொதித்து இறங்கும் நேரத்தில்தான் துண்டுகளைப் போட வேண்டும். முதல் தடவையே அதைக் கண்டுபிடித்துவிட்டாள். மகளுக்குக் கன்னச்சதை; காசளவு வட்டமாக, இரண்டே இரண்டு. பிறகு கூயா வீட்டுக்குப் போனபோது அவர் மனைவி சினிகாங் வைத்திருந்தார். அதுவும் புளி கரைத்த சாறுதான். என் மனைவி ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். இரண்டு பெண்களும் அன்று புளியைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசினார்கள், எந்தக் கடையில் கொட்டையில்லாத பழைய புளி கிடைக்கும் என்பது உட்பட.

இப்போது குளிர்காலம் வருகிறதென்றால் மகள்தான் முதலில் கடப்பாரையைத் தேடுகிறாள்.

பிப்ரவரியில் கூடாரங்களுக்கு நாள் எண்ணத் தொடங்க வேண்டும். வடக்கு நோக்கி ஓடும் ஆற்றுக்கு ஒரு சங்கடம் உண்டு. தெற்கே மேட்டுப் பகுதியில் பனி முதலில் உருகி வெள்ளம் புறப்பட்டுவிடும். கீழே செல்கிர்க் பக்கம் இன்னும் கட்டியாக இருக்கும். வந்த பாளங்கள் முட்டி அடைத்தால் தண்ணீர் ஊருக்குள் ஏறும். 1997இல் இந்தப் பள்ளத்தாக்கே வெள்ளக்காடானது. 1968இல் வெட்டி முடித்த பெரிய வெள்ளக்கால்வாய்தான் வின்னிபெக்கை அன்று காப்பாற்றியது. அதனால் ஒவ்வோர் ஆண்டும் குளிர் முடியுமுன்பே ஆம்ஃபிபெக்ஸ் என்னும் இயந்திரங்களை ஆற்றில் இறக்குகிறார்கள். நீரிலும் நிலத்திலும் போகும் அந்த இயந்திரம் தன் நீண்ட கையை ஊன்றிப் பனிக்கட்டிமேல் ஏறி, தன் எடையாலேயே அதை உடைத்து அமிழும். மறுபடி ஏறும். அது வருமுன் கூடாரங்களைக் கிளப்பிவிட வேண்டும்.

சென்ற ஆண்டு கரையில் நின்று அதை வீடியோவில் அம்மாவுக்குக் காட்டினேன். நாங்கள் நின்ற இடமெல்லாம் சில்லுச்சில்லாகி, இடையே பழுப்புத் தண்ணீர் தெரிந்தது. அம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "இங்கே மேட்டூர் திறந்தால் நான் சொல்கிறேன். அங்கே உங்கள் ஆறு முழுக்க உடைந்து ஓடினால் நீ சொல்" என்றாள்.

ஏப்ரல் முதல் வாரத்தில், ஒரு மாலை வேலை முடிந்து பாலத்தைக் கடக்கும்போது, பாளங்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு வடக்கே போய்க்கொண்டிருந்தன. காரை நிறுத்திவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். முசிறியில் அப்போது அதிகாலை. முதல் மணியிலேயே எடுத்தாள்.