கட்டுமான விருதுக்கு விண்ணப்பிக்கிறீர்களா? சைட் கோப்பிலிருந்து தொடங்குங்கள்

கட்டடம் நன்றாக இருந்தும் விண்ணப்பம் முதல் சுற்றிலேயே கழிந்துபோவது உண்டு. குறை பெரும்பாலும் கோப்பில்தான் இருக்கும். ஜூரியில் உட்காரும் மூத்த பொறியாளர்களுக்குப் பாராட்டுரை படிக்கப் பொறுமை கிடையாது. ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் எங்கே என்றுதான் தேடுவார்கள். அந்த ஆதாரம் கான்கிரீட் போட்ட அன்றே உருவாகியிருக்க வேண்டும். கடைசித் தேதிக்கு முந்தைய வாரம் உருவாக்கினால் பார்த்த உடனே தெரிந்துவிடும்.

முதலில் எந்த விருது, எந்தப் பிரிவு என்று முடிவு செய்யுங்கள். 1982-இல் தொடங்கிய, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் கான்கிரீட் இன்ஸ்டிட்யூட் சிறந்த கான்கிரீட் கட்டமைப்புகளைப் பார்க்கிறது. கட்டுமானத் தொழில் வளர்ச்சிக் கவுன்சிலின் விஸ்வகர்மா விருதுகளில் பிரிவுகள் அதிகம். ஆகா கான் கட்டடக்கலை விருதுக்கோ கட்டடம் முடிந்து, குறைந்தது ஓராண்டாவது புழக்கத்தில் இருந்திருக்க வேண்டும். பணி முடிந்த தேதி என்று படிவம் கேட்டால் கம்ப்ளீஷன் சர்டிஃபிகேட்டில் உள்ள தேதியை எழுதுங்கள். திறப்பு விழாத் தேதியை எழுதி, அதனாலேயே தகுதிக் காலத்துக்கு வெளியே போய்விடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கிளையன்டின் சம்மதக் கடிதத்தை முதல் நாளே கேட்டு வையுங்கள். அரசுப் பணி என்றால் அது செயற்பொறியாளரிடமிருந்து கண்காணிப்புப் பொறியாளர் வழியாகத் தலைமைப் பொறியாளர் அலுவலகம் வரை போய்த் திரும்ப வேண்டியிருக்கும். கூட்டு ஒப்பந்தம் என்றால் எல்லாப் பங்காளிகளின் கையெழுத்தும் வேண்டும்.

இனி ஆதாரம். கான்கிரீட் கட்டமைப்பு என்றால் ஜூரி முதலில் புரட்டுவது கியூப் ரிஜிஸ்டரை, அதாவது கான்கிரீட் போடும்போது வார்த்தெடுத்த சோதனைக் கட்டிகளின் வலிமையைக் குறித்து வைக்கும் பதிவேட்டை. கான்கிரீட்டுக்கான இந்திய விதிநூலான ஐ.எஸ். 456-இன் படி 31 முதல் 50 கன மீட்டர் வரையிலான கான்கிரீட்டுக்கு 4 மாதிரிகள். அதற்கு மேல் ஒவ்வொரு 50 கன மீட்டருக்கும், அல்லது அதன் பகுதிக்கும், ஒன்று கூடுதல். ஒரு மாதிரிக்கு 3 கியூப். அப்படியானால் 240 கன மீட்டர் ராஃப்ட்டுக்கு (கட்டடத்தின் அடியில் பரவலாகப் போடும் அடித்தளப் பலகைக்கு) 8 மாதிரிகள், 28 நாள் சோதனைக்கு மட்டும் 24 கியூப். போர் கார்டில் (கான்கிரீட் போட்ட அன்றைய பதிவில்) 240 கன மீட்டர், ரிஜிஸ்டரில் 12 கியூப் என்றிருந்தால், மேலே "தரத்தில் சமரசம் இல்லை" என்று எழுதியிருப்பது எடுபடாது. ஒரு மாதிரியின் மூன்று கியூப்களில் ஏதாவது ஒன்று சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகினால் அந்த மாதிரியின் முடிவே செல்லாது. அதையும் சேர்த்துச் சராசரி போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. எம்30 தரக் கான்கிரீட்டுக்கு ஐ.எஸ். 456 முன்கூட்டியே எடுத்துக்கொள்ளச் சொல்லும் திட்ட விலக்கம், அதாவது முடிவுகளின் ஏற்ற இறக்க அளவு, சதுர மில்லிமீட்டருக்கு 5 நியூட்டன். நல்ல கட்டுப்பாடுள்ள பிளான்டில் இது குறையும், ஆனால் காணாமல் போகாது. ஆறு மாத ரிஜிஸ்டரில் 38.1, 38.3, 38.2 என்றே ஓடினால் அது மேசையில் எழுதிய ரிஜிஸ்டர் என்று அனுபவசாலி ஒரு பார்வையில் சொல்லிவிடுவார். ஏற்ற இறக்கத்தோடு உள்ள உண்மையான எண்களையே கொடுங்கள். அவற்றோடு ஆர்.எம்.சி. (ஆயத்தக் கலவை கான்கிரீட்) லாரியோடு வந்த சலான், கலவை அளவுகளைக் காட்டும் பேட்ச் ஷீட், கான்கிரீட்டின் இளக்கத்தைக் காட்டும் ஸ்லம்ப் பதிவு மூன்றையும் தேதி வாரியாகக் கோர்த்து வையுங்கள்.

பாதுகாப்பு எண்ணில் குழப்பம் அதிகம். இந்தியத் தர விதியான ஐ.எஸ். 3786 விபத்து விகிதத்தை 10 லட்சம் மனித மணிநேரத்துக்குக் கணக்கிடுகிறது. அமெரிக்க முறை 2 லட்சம் மணிநேரத்துக்கு. 18 லட்சம் மணிநேரத்தில் வேலை இழப்புக் காயம் 2 என்றால் முதல் முறையில் 1.11, இரண்டாவதில் 0.22. எந்த முறை என்று சொல்லாமல் 0.22 என்று மட்டும் எழுதினால் குறைத்துக் காட்டுவதாகத்தான் படும். சப்-கான்ட்ராக்டர் ஆட்களின் மணிநேரத்தைச் சேர்த்துவிட்டு அவர்கள் காயத்தை விட்டுவிடுவது அதைவிட மோசம்.

ஒப்பந்த மதிப்பு, பரப்பளவு, கான்கிரீட் அளவு ஆகியவை படிவம், விளக்கவுரை, பிரசன்டேஷன் மூன்றிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஜி.எஸ்.டி. சேர்த்தா, சேர்க்காமலா என்று ஓரிடத்தில் குறித்துவிடுங்கள்.

விளக்கவுரைக்கு ஒரு சவாலை எடுத்தால் போதும். "நவீனப் பாலம்" என்றால் ஒன்றும் புரியாது. புதிய பாம்பன் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: 1914-இல் திறந்த பழைய பாலத்தின் பக்கத்தில், கடலின் மேல் 2 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளம், கப்பலுக்கு வழிவிட 17 மீட்டர் செங்குத்தாக உயரும் 72.5 மீட்டர் ஸ்பான். பெயரடை எதுவும் இல்லாமலே சிரமம் விளங்குகிறது. உங்கள் சவால் 1.8 மீட்டர் தடிமன் ராஃப்ட்டாக இருக்கலாம். அவ்வளவு தடிமனில் கான்கிரீட் உள்ளே சூடேறும். சிமென்ட்டில் எவ்வளவு பங்கை இரும்பு உலைக் கசடுத்தூளாக மாற்றினீர்கள், வெப்பத்தை அளக்கும் தெர்மோகப்பிள்களை எந்த ஆழங்களில் வைத்தீர்கள், மையத்தின் உச்ச வெப்பம் 70 டிகிரிக்குள் நின்றதா, மையத்துக்கும் மேற்பரப்புக்கும் இடைவெளி எவ்வளவு என்று எழுதுங்கள். ஓரிடத்தில் ஹனிகோம்ப் (கான்கிரீட்டில் தேன்கூடு போன்ற பொந்துகள்) வந்து, என்.சி.ஆர். என்னும் குறைபாட்டு அறிக்கை போட்டு, கிரவுட் கலவையால் அடைத்திருந்தால் அதையும் இணையுங்கள். குறையே இல்லாத சைட்டை எந்தப் பொறியாளரும் நம்பமாட்டார்.

படங்களில்தான் கவனக்குறைவு அதிகம். அழகான ஸ்லாப் படத்தின் மூலையில் ஹெல்மெட் இல்லாத ஒருவர், விளிம்பில் பெல்ட் போடாத ஒருவர். ஜூரி பெரிதாக்கிப் பார்ப்பார்கள். அனுப்பும் முன் நீங்களும் பெரிதாக்கிப் பாருங்கள். கம்பி கட்டி, கம்பியைப் பலகையிலிருந்து தள்ளி நிறுத்தும் கவர் பிளாக் தெரிய, ஷட்டரிங் பலகையால் மூடுவதற்கு முன் எடுத்த படம் முடிந்த கட்டடத்தின் பத்துப் படங்களுக்குச் சமம். ஏ4 அச்சுக்கு 2480-க்கு 3508 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த படம் சுருங்கியிருக்கும் என்பதால் மூலக் கோப்பையோ, டாக்குமென்ட்டாக அனுப்பியதையோ வாங்குங்கள்.

நேரில் பார்க்க வந்தால் லாபியைக் காட்டி நேரத்தைப் போக்காதீர்கள். அவர்கள் போக விரும்புவது பேஸ்மென்ட் சுவர், எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட், மொட்டைமாடி வாட்டம், கழிப்பறைக் குழாய்ப் பாதை. சைட்டில் நின்று வேலை பார்த்த இன்ஜினியர் பேசட்டும், மார்க்கெட்டிங் ஆள் வேண்டாம். கட்டடத்தைப் பராமரிப்பவரையும் கூப்பிட்டு வையுங்கள். எங்கே கசிகிறது என்று அவரிடம் கேட்கத்தான் போகிறார்கள். ஆஸ்-பில்ட் வரைபடம், அதாவது உண்மையில் கட்டியபடி வரைந்தது, கையில் இருக்கட்டும்.

பதிவேற்றத்தைக் கடைசி மாலைக்கு வைக்காதீர்கள். பி.டி.எஃப். அளவு வரம்பைத் தாண்டினால் சுருக்கும்போது முதலில் மங்குவது சோதனை அறிக்கையின் முத்திரையும் கையெழுத்தும். சுருக்கிய கோப்பைத் திறந்து அந்தப் பக்கங்களைப் படித்துப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள். கட்டண ரசீதையும் கூடவே இணையுங்கள்.