மூடாமல் இருந்த குழாய்

பால் குடிக்கும்போது என் மகளுக்குத் தலைமுடி நனையும் அளவுக்கு வியர்க்கும். உசிலம்பட்டி வெயிலுக்கு வியர்க்காமல் என்ன செய்யும் என்று விட்டுவிட்டோம். ஐந்து நிமிடம் குடிப்பாள், மூச்சு வாங்கும், முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பதினொரு மாதத்தில் எடை ஆறேகால் கிலோதான். ஆனால் உள்ளங்கையைப் பிடித்தால் நாடி துள்ளும். பிள்ளை உள்ளுக்குள் பலமாகத்தான் இருக்கிறாள் என்று அதைப் பிடித்துக்கொண்டே தூங்குவேன்.

அங்கன்வாடிக்குப் பரிசோதனைக்கு வந்த மருத்துவர், இடது காறை எலும்புக்குக் கீழே ஸ்டெதாஸ்கோப்பை வைத்தவர் வெகுநேரம் அதை அங்கிருந்து எடுக்கவே இல்லை. மதுரைக்குப் போய் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

அதற்குள் 'இதயத்தில் ஓட்டை' என்று தெருவெல்லாம் பேச்சு. கிரகணத்தன்று நான் வாசலுக்கு வந்ததுதான் காரணம் என்றார் அத்தை. நானும் நம்பினேன். அந்த ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

எக்கோ பார்த்த மருத்துவர் ஓ.பி. சீட்டின் பின்புறம் இரண்டு குழாய்களை வரைந்தார். ஒன்று நுரையீரலுக்குப் போவது, மற்றது உடம்புக்குப் போகும் மகாதமனி. நடுவே ஒரு சிறு இணைப்பு. "இது ஓட்டை இல்லை அம்மா. கருவில் இருக்கிற எல்லாக் குழந்தைக்கும் இந்தக் குழாய் உண்டு. வயிற்றுக்குள் நுரையீரலுக்கு வேலை இல்லை; அதனால் ரத்தம் இதன் வழியாக நேரே உடம்புக்குப் போய்விடும்" என்றார். பிறந்து மூச்சு விட்டதும் ரத்தத்தில் ஆக்சிஜன் கூடுகிறது. குழாயைத் திறந்து வைத்திருந்த, நஞ்சுக்கொடியிலிருந்து வந்த சுரப்பும் குறைகிறது. பெரும்பாலும் 2, 3 நாட்களில் சுருங்கி, சில வாரங்களில் வெறும் நாராகிவிடுமாம். என் மகளுக்கு மூடவில்லை. அதனால் மகாதமனியின் ரத்தம் திரும்பவும் நுரையீரலுக்குப் பாய்ந்து, இதயம் இரட்டை வேலை பார்த்திருக்கிறது. என் வயிற்றில் அவளை வாழவைத்த குழாய் அது. அந்தச் சீட்டை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பிறகு காகித அலைச்சல். முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு வருமானச் சான்று வேண்டும், வி.ஏ.ஓ., தாலுகா அலுவலகம், கலெக்டர் அலுவலகம் என்று ஆரப்பாளையம் பஸ்ஸில் நாலைந்து நடை. ரேஷன் கார்டில் மகளின் பெயரை முன்பே சேர்த்திருந்தால் இரண்டு நடை மிச்சம். எல்லாம் கைக்கு வந்த நாளில் அவளுக்குச் சளி பிடித்தது. மூன்று வாரம் தள்ளிப்போட்டார்கள்.

நெஞ்சைக் கிழிக்கவில்லை. தொடை இடுக்கு ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, கம்பி வலையால் ஆன சிறு அடைப்பானை அந்த இணைப்பில் பொருத்தினார்கள். ஒரு மணி நேரம்தான். அதைவிட, மயக்கம் தெளிந்து அழுதவளின் காலை மடக்கவிடாமல் ஆறு மணி நேரம் பிடித்திருந்ததுதான் பெரும்பாடு. அத்தை கடைசி வரை கையை எடுக்கவே இல்லை.

இரவில் வழக்கம்போல உள்ளங்கையைப் பிடித்தேன். துள்ளல் இல்லை. அலறிக்கொண்டு நர்ஸைக் கூப்பிட்டேன். ஓடி வந்தவர் மானிட்டரைப் பார்த்தார், மகளின் மணிக்கட்டைத் தொட்டார், பிறகு என் விரலை எடுத்து அங்கே வைத்தார்.

"இதுதான் அம்மா சரியான நாடி. இவ்வளவு நாளும் ரத்தம் வழிமாறி ஓடியதால்தான் அப்படித் துள்ளியது."