உப்புக்காற்றில் ஒரு காபன் படலம்

உராய்வைக் குறைக்கும் பூச்சுகளைப் பரிந்துரைப்போர் பெரும்பாலும் உராய்வுக் குணகம் என்ற ஒரே எண்ணையே முன்வைக்கின்றனர்; அது குறையக் குறைய உராய்வும் குறையும். அந்த எண் எத்தகைய காற்றில், எவ்வளவு ஈரப்பதத்தில், எந்தப் பொருளோடு உரசவிட்டு அளக்கப்பட்டது என்று கேட்காமல் திருகோணமலை போன்ற கடலோர ஊரில் ஒரு பூச்சைத் தெரிவுசெய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

வைரம் போன்ற காபன் எனப்படும் டி.எல்.சி. படலம் இதற்குச் சிறந்த சான்று. வைரத்தில் உள்ளது போன்ற பிணைப்புகளும் காரீயத்தில் (கிராஃபைற்றில்) உள்ளது போன்ற பிணைப்புகளும் ஒழுங்கின்றிக் கலந்திருக்கும் இந்தப் படலம், பொறிப் பாகங்களில் சில மைக்ரோமீற்றர் தடிப்பிலேயே படியவைக்கப்படுகிறது. அசற்றலீன் அல்லது மெதேன் வாயுவை மின்னால் அயனாக்கிப் பிளாஸ்மாவாக மாற்றிப் படியவைத்தால் அதனுள் ஐதரசன் சேர்ந்துவிடும். அத்தகைய படலம் உலர்ந்த நைதரசனில் 0.01 ஐயும் விடக் குறைந்த குணகத்தைக் காட்டக்கூடியது எனினும், ஈரக்காற்றில் அதே படலத்தின் குணகம் பல மடங்கு உயர்ந்துவிடுகிறது. காரீயத்தை மின்வில்லால் ஆவியாக்கிப் படியவைக்கும் ஐதரசனற்ற வகையோ இதற்கு நேர்மாறானது. அதன் மேற்பரப்பில் பிணைப்பின்றி நிற்கும் காபன் அணுக்களை நீராவி மூடிவிடுவதால் அது ஈரக்காற்றில் நன்றாக வழுக்குகிறது, வெற்றிடத்திலோ பற்றிப்பிடிக்கிறது. நம் நாட்டின் போகலச் சுரங்கத்திலிருந்து கிடைக்கும் காரீயமும் ஈரம் இருந்தால்தான் வழுக்கும் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

ஆனால் நம் கடற்கரையில் ஈரத்தோடு உப்பும் சேர்ந்தே வருகிறது. படலத்தில் கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளை ஒன்று இருந்தாலும் உப்புநீர் அதன் வழியே இறங்கி அடியிலுள்ள உருக்கைத் துருப்பிடிக்கச் செய்யும்; பிறகு படலம் தேயாமலே உரிந்துவிடும். குரோமியம் போன்ற இடைப்படை ஒட்டுதலை வலுப்படுத்தும் என்றாலும், அடியிலுள்ள உலோகம் மென்மையாக இருந்தால் அந்தக் கடினமான படலம் மெத்தைமேல் வைத்த கண்ணாடித் தகடுபோல் பாரம் ஏறியதும் நொறுங்கிவிடும்.

பல்பகுதியங்கள் எனப்படும் பிளாஸ்ரிக் வகைப் பொருள்களின் சிக்கல் வேறு. 1938 இல் அமெரிக்க இரசாயனவியலாளர் ரோய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டறிந்த டெஃப்லோனின் குணகம் 0.1 ஐ விடக் குறைவாக இருக்கக்கூடும். ஆயினும் தனியே பயன்படுத்தினால் அது விரைவில் தேய்ந்துபோகும். வெண்கலத் தூளையோ காபனையோ கலக்கும்போது தேய்மானம் நூறு மடங்குக்கும் மேல் குறைகிறது. எதிரிலுள்ள உருக்கின்மேல் அது மெல்லிய படலமாக ஒட்டி, அதன்பின் டெஃப்லோனே டெஃப்லோனோடு உரசுவதுதான் அது நீடிப்பதன் காரணம். நீரில் மூழ்கியிருந்தால் இந்த ஒட்டுப்படலம் ஒழுங்காக உருவாவதில்லை.

மணலையும் மறந்துவிட முடியாது. புல்மோட்டைக் கரையில் இல்மனைற்று என்ற கனிமம் கலந்த மணலில் ஒரு துணிக்கை, நான் மேலே கூறிய படலத்தின் தடிப்பைவிடப் பல பத்து மடங்கு பெரியது. அத்தகைய துணிக்கை இடையே சிக்கினால் படலத்தின் கடினம் மட்டும் பாகத்தைக் காப்பாற்றாது.

ஆகவே, எண்ணெயில் இயங்கும் மூடிய பாகங்களுக்கு, சிறப்பாக டீசல் என்ஜினின் எரிபொருள் செலுத்தி ஊசிகளுக்கு, டி.எல்.சி.யை நான் தயங்காமல் விரும்புவேன். திருகோணமலையின் கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் நிற்கும் பல நாள் படகுகளின் சுழலித் தண்டுக்கோ, கடல்நீரே உயவாகச் செல்லும் பள்ளமிட்ட றப்பர் புஷ்ஷையே (தண்டைத் தாங்கும் உறையையே) தெரிவுசெய்வேன். அதனுள் புகும் மணல் பள்ளங்களுக்குள் உருண்டு நீரோடு வெளியேறிவிடும்.