முன் பிரேக்கில் காற்று

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கணும் என்றால் பழைய பைக்கின் முன் டிஸ்க் பிரேக் சரியாக இருக்க வேண்டும். காட்பாடி வீட்டு வாசலிலேயே பேடும் ஆயிலும் மாற்றியாச்சு. பேடு சுலபம். பிரேக் ஆயில் குழாயில் சிக்கிய காற்றை எடுப்பதுதான் பொறுமை கேட்கும்: லீவரை நாலைந்து முறை அடித்து, அழுத்திப் பிடித்தபடியே காலிப்பரில் (டிஸ்கைப் பிடிக்கும் பாகம்) இருக்கும் நிப்பிளை, அதாவது காற்றை வெளியேற்றும் சின்னத் திருகைத் திறந்து, குமிழியோடு ஆயில் வந்ததும் மூடி, அப்புறம்தான் லீவரை விட வேண்டும். வரிசை மாறினால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். குமிழி நிற்கும்வரை இதேதான். மேலே ஆயில் டப்பாவும் வற்றக் கூடாது.

டாட் 4 என்ற வகை பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். புதிதில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறினால் 155 அளவுக்கு இறங்கிவிடலாம். வேலூர் வெயில் எல்லாம் அதற்குச் சும்மா, விடாமல் பிரேக் பிடித்து ஆயில் சூடேறும் மலையிறக்கம்தான் சோதனை. டேங்க் மேல் சிந்தினால் பெயிண்ட் போச்சு, உடனே தண்ணீர் ஊற்றுங்க. புது பேடு படியும்வரை கோட்டையைச் சுற்றி மெதுவாகத்தான்.